வெயில் திங்கிற சிப்பி

பாப்பாவுக்கு அப்பா எழுதுறது. நல்லா இருக்கியான்னு கேக்கப் போறதில்ல. போன வாரம் நீ போட்ட லெட்டரைப் படிச்சேன். நாலு பக்கத்துல மூணே முக்கால் பக்கம் கோவம். அம்புட்டுக் கோவப்பட ஒடம்புல தெம்பு வேணும், அதனால நீ நல்லாத்தான் இருக்கன்னு எடுத்துக்கிட்டேன். கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாசந்தான் கெடக்கு. பொண்ணைத் தாரை வாத்துக் குடுக்கப் புருசனும் பொண்டாட்டியுமா ரெண்டு பேரு மேடையில நிக்கணும்ங்கிறது நம்ம வழக்கம். உங்கம்மா போயிப் பத்து மாசம் ஆச்சு. ஒத்தையாளு நான் நிக்க முடியாது. முறைப்படி நிக்க வேண்டியது பரளச்சியில இருக்க என் அக்காவும் அவுக வீட்டுக்காரரும், அதாவது உன் அத்தையும் மாமாவும். நீ என்ன எழுதியிருக்க? "அத்தை கையால தண்ணி ஊத்தித்தான் என் கல்யாணம் நடக்கணும்னா எனக்குக் கல்யாணமே வேண்டாம். எங்கம்மா தண்ணியைக் கொட்டுன கை அது." கீழ ரெண்டு கோடு போட்டிருக்க. ரெண்டாவது கோட்டுல தாளு கிழிஞ்சிருக்கு.

அதுக்குப் பதில் எழுதத்தான் மூணு நாளா ஒக்காந்து ஒக்காந்து எந்திரிக்கிறேன். நான் மெசினு ரிப்பேர் பாக்குறவன். எது ஓடல, ஏன் ஓடல, எதை மாத்தணும்னு மூணு வரியில எழுதித்தான் பழக்கம். இது மூணு வரியில அடங்காது. மொதல்ல இருந்தே வாரேன், பொறுமையாப் படி. நடுவுல சிரிப்பு வந்தா சிரிச்சுக்க. உங்கம்மாவைப் பத்திச் சிரிப்பு வராம எழுத எனக்குத் தெரியாது.

நான் சிங்கப்பூர் போகையில ஒனக்கு எட்டு வயசு. ஐ.டி.ஐ.யில ஏ.சி., ஃப்ரிட்ஜு மெக்கானிக் படிச்சவன், கப்பல்ல ஐஸ் ரூம் வேலைன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போனாக. அங்க போயிப் பாத்தா, வசதியானவுக வீட்டு ஹால்ல கண்ணாடித் தொட்டி கட்டி அதுல நெசக் கடலையே கொண்டாந்து வைக்கிற கம்பெனி. பவளம், சிப்பி, மஞ்ச மீனு, நீல மீனு. அந்தக் கடலு சூடாகாமப் பாத்துக்கிறதும், அலையடிக்கிற மாதிரி மோட்டாரு மாட்டுறதும் என் வேலை. அங்கதான் ராட்சசச் சிப்பியைப் பாத்தேன். ஆட்டுக்கல்லை விடப் பெருசா வளருற ஜாதியும் அதுல இருக்கு. வீட்டுத் தொட்டிக்குனு விக்கிறது சின்ன ஜாதி, உள்ளங்கையளவு. அதுவும் கடல்ல பேத்தெடுத்தது இல்ல. பண்ணையில சிமெண்டுத் தொட்டிக்குள்ள முட்டை விட வச்சு, குஞ்சை வடிகட்டி எடுத்து, ரெண்டு மூணு வருசம் வளத்து அனுப்புறாக. நாட்டுக்கோழிக்கும் பண்ணைக்கோழிக்கும் உள்ள வித்தியாசந்தான். ஓடு வெள்ளையா வளைவு வளைவா இருக்கும். வாயத் தொறந்தா உள்ள இருந்து உதடு மாதிரி ஒன்னு வெளிய விரியும், மயில் கழுத்து நெறத்துல, மேல புள்ளி புள்ளியா. அந்த உதட்டுக்குள்ள பாசி குடியிருக்கு. வெளிச்சம் பட்டா அந்தப் பாசி சோறு பொங்கும், சிப்பி ஒக்காந்து திங்கும். வேலைன்னு பாத்தா வாயை மேல பாத்துத் தொறந்து வச்சுக்கிட்டுக் கெடக்குறது மட்டுந்தான்.

அஞ்சு வருசம் முடிச்சுக் கெளம்பயில மொதலாளி என்ன வேணும்னு கேட்டாரு. மத்த ஆளுக தங்கம் கேட்டாக. நான் மூணு சிப்பி கேட்டேன். ஏன் கேட்டேன்னு இன்னைக்கும் தெளிவாச் சொல்லத் தெரியல. ஏர்போர்ட்டுல பொட்டியத் தொறந்த ஆபீஸரு பண்ணைக்காரன் குடுத்த பேப்பரையும் பையில கெடந்த சிப்பியையும் மாத்தி மாத்திப் பாத்துட்டு, "இது திங்கிறதா, போட்டுக்கிறதா?"ன்னு கேட்டாரு. "வளக்குறது சார்." "எந்த ஊரு?" "அருப்புக்கோட்டை." பேப்பரைக் கீழ வச்சுட்டு என் மூஞ்சியப் பாத்தாரு. "அருப்புக்கோட்டையில ஏதுய்யா கடலு?" "இனிமேத்தான் சார் வைக்கணும்." சீலு குத்திக் குடுத்துட்டாரு. எம்மேல பாவப்பட்டிருப்பாருன்னு நெனைக்கேன்.

வீட்டுக்கு வந்து பொட்டியத் தொறந்தது ஒனக்கே ஞாபகம் இருக்கும். நீ கேட்டிருந்தது பாட்டுக் கேக்குற டேப்பு. சிப்பியைப் பாத்துட்டு ஒரு மணி நேரம் அழுத. உங்கம்மா அழல. "அஞ்சு வருசம் கழிச்சு வந்திருக்கீக, மூணு கல்லைக் கொண்டாந்திருக்கீக"ன்னு சொல்லிட்டுக் குனிஞ்சு பாத்தா. "இதுக்கு என்னங்க சாப்பாடு?" "சாப்பாடே வேண்டாம், வெயிலு போதும்." அவ நிமுந்து முத்தத்துல விழுகுற வெயிலைப் பாத்தா, என்னையப் பாத்தா. "வெயிலைத் திங்குமா? அப்ப இது நம்ம ஊருக்குன்னே பொறந்ததுங்க. இங்க வேற என்ன வெளையுது?" அன்னைக்கே முத்தத்துத் தொளசி மாடத்தை ஒரு ஓரமாத் தள்ளி வச்சு, கண்ணாடித் தொட்டிக்கு எடம் பண்ணுனது அவதான். நான் சும்மா இஞ்சி டேப்பை வச்சு அளந்தேன்.

கடலை எப்படிக் கொண்டாறது? தூத்துக்குடி ரோட்டுல உப்பு லோடு ஏத்துற லாரி டிரைவர் ஒருத்தரைப் பந்தல்குடி டீக்கடையில பிடிச்சேன். "அண்ணே, வரும்போது பத்து கேனு கடல் தண்ணி." அவரு டீயைக் கீழ வச்சாரு. "ஏதும் பரிகாரமாண்ணே?" இல்லைன்னு எம்புட்டோ சொன்னேன், நம்பல. மொத லோடு எறக்கையில செருப்பைக் கழட்டிட்டுத்தான் கேனைத் தூக்குனாரு. அந்தச் சமயம் நம்ம தெருவுல கொழாய்த் தண்ணி எட்டு நாளைக்கு ஒருக்கா வந்த காலம். லாரி நிக்கிதுன்னதும் பொம்பளைக எல்லாம் கொடத்தோட வந்துட்டாக. உங்கம்மா வாசல்ல நின்னு, "இது உப்புத் தண்ணிக்கா, கடலு"ன்னா. முன்னால நின்ன அக்கா அசரல. "நம்ம போரு தண்ணி மட்டும் சக்கரையாவா இருக்கு? ஊத்துத்தா." ஒரு கொடம் வாங்கிட்டும் போனாக. சாயங்காலம் வெறுங்கொடத்தோட திரும்பி வந்து, "எங்க போரு தேவலை"ன்னு சொல்லிட்டுப் போனாக.

உன் அத்தை மொத மொத வந்து பாத்த நாளு அதைவிடக் கூத்து. பரளச்சி பஸ்ஸுல வந்து எறங்குன வேகத்துல தொட்டிக்கிட்டப் போயி மூஞ்சியக் கொண்டு போனாக. சிப்பிக்கு மேல நெழலு விழுந்தா பயந்து டப்புன்னு வாய மூடிக்கிரும், மூடுற வேகத்துல உள்ள இருக்க தண்ணி பீச்சியடிக்கும். அத்தை நெத்தியில இருந்து மூக்குத்தி வரைக்கும் உப்புத் தண்ணி. "ஏலே தம்பி! காறித் துப்புதுடா! வீட்டுக்கு வந்த பொம்பளை மேல துப்புதுடா!" நான் நெழலு, பயம், தசைன்னு வெளக்கம் சொல்றேன், காதுல ஏறல. உங்கம்மா முந்தியால அவுக மூஞ்சியத் தொடச்சுக்கிட்டே, "புது ஆளுன்னு கூச்சம் மதினி"ன்னா. "கூச்சப்படுறவ துப்புவாளா?" அன்னைக்கு ஆரம்பிச்சது அவுகளுக்கும் சிப்பிக்கும் சண்டை. வரும்போதெல்லாம் தொட்டிக்கு ரெண்டடி தள்ளி நின்னு, "என்ன, இன்னும் திமிரு அடங்கலையா?"ன்னு கேட்டுட்டுத்தான் காப்பி குடிப்பாக. கொழம்பு வைக்கலாமான்னு ஒவ்வொரு தடவையும் விசாரிப்பாக. நீ அத்தைக்குச் சிப்பியைக் கண்டாலே ஆகாதுன்னு நெனைச்சதுக்கு இதெல்லாந்தான் காரணம். உன்னையச் சொல்லிக் குத்தமில்ல.

இப்ப ஒரு தப்பை ஒத்துக்கிறேன். இது சின்னத் தப்பு, பெருசு பின்னால வருது. மூணு சிப்பியில ஒன்னு மொத மாசத்துலயே செத்துச்சு இல்லையா? வெயில் தாங்காமச் செத்துச்சுன்னு தெருவுக்கே சொன்னேன். ஒனக்கும் அதான் சொன்னேன். அது பொய்யி. சித்திரை மாசம், தொட்டித் தண்ணி வெந்நி மாதிரி ஆகிப் போச்சு. பழைய ஃப்ரிட்ஜு கம்ப்ரசரை எடுத்து நானே கூலரு செஞ்சேன். சிங்கப்பூர்ல பாத்த வேலைங்கிற தெனாவட்டு. செம்புக் கொழாயைச் சுருளாச் சுத்தித் தண்ணிக்குள்ள எறக்குனேன். உங்கம்மா பாத்துக்கிட்டே இருந்துட்டு, "ஏங்க, மோரைச் செம்புல வச்சாக் களிம்பு ஏறும்பாகளே, உப்புத் தண்ணியில இது ஏறாதா?"ன்னு கேட்டா. "நீ அஞ்சாங் கிளாஸு, நான் ஐ.டி.ஐ."ன்னேன். நாலாம் நாளு ஒரு சிப்பி வாயப் பொளந்தது பொளந்தபடி கெடந்துச்சு, நெழலு காட்டினாலும் மூடல. செம்பு அந்த ஜீவனுக்கு வெஷம். சிங்கப்பூர்ல கொழாயெல்லாம் வேற உலோகத்துல வந்துச்சு, ஏன்னு நான் ஒரு நாளும் கேட்டதில்ல. அப்புறம் அவதான் தொட்டியச் சுத்தி ஈரச் சாக்கைக் கட்டி, மேல டேபிள் ஃபேனைத் திருப்பி விட்டா. மண்பானைத் தண்ணி குளுருற அதே கணக்கு. என் கூலரு செய்யாததை ரெண்டு கோணிச் சாக்கு செஞ்சுச்சு. யாராச்சும் எப்படிச் செத்துச்சுன்னு கேட்டா, நான் வாயத் தொறக்குறதுக்கு முந்தி அவளே "வெயிலுங்க"ன்னு சொல்லிருவா. ஒரு நாளும் காட்டிக் குடுக்கல. கல்யாணம் பண்ணிக்கப் போற பொண்ணுக்கு ஒன்னு சொல்றேன்: புருசன் தப்பை நீ மூடி மூடி வச்சேன்னா, அவனுக்கு அது வசதியாப் பழகிப் போகும். எனக்குப் பழகிப் போச்சு.

மிச்சம் ரெண்டு சிப்பியும் அவ கையிலதான் வளந்துச்சு. ஓடு வளர அதுக்குச் சுண்ணாம்புச் சத்து வேணும். பந்தல்குடிப் பக்கம் தோண்டுன எடமெல்லாம் சுண்ணாம்புக்கல்லு, அதுக்கா பஞ்சம்? சுண்ணாம்பைத் தண்ணியில கலக்கித் தெளிய விட்டு, தெளிஞ்சதை மட்டும் சொட்டுச் சொட்டா விடணும். ஆஸ்பத்திரியில குளுக்கோஸ் ஏத்துற பாட்டிலையும் டியூப்பையும் வாங்கித் தொட்டிக்கு மேல ஆணியில மாட்டுனேன். வீட்டுக்கு வந்தவுக எல்லாம் "யாருக்கு முடியல?"ன்னு பதறிக் கேட்டாக. சிப்பிக்குன்னு சொன்னதும் ஒரு பெரியவரு சாத்துக்குடியைத் திருப்பி எடுத்துட்டுப் போனாரு. உப்பு அளவு பாக்குற கண்ணாடிக் குச்சி ஒடைஞ்ச பெறகு உங்கம்மா நாக்குத்தான் மீட்டரு. ஒரு சொட்டு வாயில வச்சு, "ரசத்துல உப்புக் கரிக்குதுங்க, அரைக் கொடம் நல்ல தண்ணி விடுங்க"ம்பா. வெயிலு குடிக்கிறது தண்ணியைத்தான, உப்பு அங்கனயே நின்னுருது. அதனால நாளும் நல்ல தண்ணி ஊத்தணும். எட்டு நாளைக்கு ஒருக்காக் கொழாய் வாற ஊருல, குடிக்க வச்ச கொடத்துல இருந்து அவ ஊத்துனா. உன் அத்தை பாத்துட்டுத் தலையில அடிச்சுக்கிட்டாக.

கரண்டு போகையில நடந்த கூத்துத்தான் ஒனக்கு நல்லாத் தெரியுமே. மோட்டாரு நின்னா தண்ணியில காத்து ஏறாது, சிப்பிக்கு மூச்சு முட்டும். கடையில டீ ஆத்துற மாதிரி பிளாஸ்டிக் கப்புல மோந்து ஒசரத்துல இருந்து ஊத்திக்கிட்டே இருக்கணும். ஆளுக்கு அரை மணி நேரம். நீ பூகோளப் புத்தகத்தை மடியில வச்சுக்கிட்டு ஆத்துவ. நான் ரெண்டு நிமிசத்துக்கு ஒருக்கா மணி பாப்பேன். அவ மட்டும் ஆத்திக்கிட்டே சிப்பிகிட்டப் பேசுவா. "இந்தா வந்துரும், இந்தா வந்துரும், ஈ.பி.காரன் சாப்பிடப் போயிருக்கான்." நீ பத்தாவது பாஸானதுக்கு நாலஞ்சு மார்க்காச்சும் கரண்டுக்காரனுக்குச் சேரும்.

அப்புறம் அவளுக்குக் காமாலை வந்துச்சு. மதுரையில ஆஸ்பத்திரியில பதினெட்டு நாளு. நீ வேலை பாக்குற கோயம்புத்தூர்ல இருந்து வந்து போயி இருந்த. அவ கண்ணு மஞ்சளா, கட்டில்ல படுத்துக்கிட்டு மேல மாட்டியிருந்த பாட்டிலையே பாத்துக்கிட்டு இருப்பா. ஒரு நாளு சாயங்காலம், "ஏங்க, சொட்டு வெரசா விழுகுது, கொஞ்சம் கொறைங்க, ஓடு தாங்காது"ன்னா. நானும் எந்திரிச்சுத் திருகப் போயிட்டேன். நர்ஸம்மா கையத் தட்டி விட்டு, "நீங்க என்ன டாக்டரா?"ன்னு திட்டுனாக. "ஏ.சி. மெக்கானிக்கும்மா"ன்னேன். உங்கம்மா சிரிச்சா. அவ சிரிச்சு நான் பாத்தது அதுதான் கடைசி. கம்ப்ரசரு ரொம்பச் சூடானா உள்ள இருக்க ஓவர்லோடு தானாக் கட்டாகிரும், ஆறுற வரைக்கும் என்ன தட்டுனாலும் ஓடாது. பத்து மாசமா நான் அப்படித்தான் இருக்கேன். அழுகையும் வரல. வருத்தமில்லைன்னு ஊருல யாராச்சும் சொன்னா நீ நம்பிக்காத.

இப்ப அந்த நாளுக்கு வாரேன். தூக்குறதுக்கு நேரமாச்சுன்னு வெளிய கொட்டுக்காரக அடிக்க ஆரம்பிச்சுட்டாக. செத்த வீட்டுல எடுத்துட்டுப் போனதும், இருக்க தண்ணியெல்லாம் கொட்டிக் கவுத்தி, வீட்டைக் கழுவி விடணும். கொடம், அண்டா, தவலை ஒன்னு விடக் கூடாது. உன் அத்தை எங்கிட்ட வந்து காதுக்குள்ள கேட்டாக. "தம்பி, இந்தத் தொட்டித் தண்ணியை என்ன செய்ய?" நீ ரூமுக்குள்ள மயங்கிக் கெடந்த, ஒனக்குத் தெரியாது. முத்தத்துல அந்த மோட்டாரு 'உய்ய்'ன்னு ஓடிக்கிட்டு இருந்துச்சு. பதினெட்டு நாளா அவ இல்லாமயும் ஓடுது, அவ செத்தும் ஓடுது. ஒரு சுத்துக் கொறையல. நான் மாட்டுன மோட்டாரு, நல்ல மோட்டாருன்னு பெருமை பேசுன மோட்டாரு. அந்தச் சத்தத்தை என்னால கேக்க முடியல. போயி ஸ்விட்சை அமத்துனேன். "கொட்டிருக்கா"ன்னேன். அத்தை கையப் பிடிச்சாக. "ஏலே, உசுரு கெடக்குடா அதுல. உம் பொண்டாட்டி செல்வி வளத்ததுடா. நம்ம வழக்கம் வீட்டுத் தண்ணிக்குத்தான், கடலுக்கு ஏதுடா தீட்டு? விட்டுருடா." அவுகதான் அப்படிச் சொன்னாக பாப்பா. சிப்பியைக் கொழம்பு வைக்கக் கேட்டவுக. நான் கையை ஒதறிட்டு, "கொட்டுன்னாக் கொட்டு"ன்னு கத்துனேன். கத்திட்டுத் தீச்சட்டியத் தூக்கிட்டுப் போயிட்டேன்.

சுடுகாட்டுல இருந்து திரும்பி வரையில தெருமுக்குலயே உன் சத்தம் கேட்டுச்சு. முத்தமெல்லாம் தண்ணி ஓடுது, அத்தை கையில வாளி. அம்புட்டுப் பொம்பளைகளுக்கும் முன்னால, "எங்கம்மா ஆத்துன தண்ணியக் கொட்டிட்டியே, நீ நல்லா இருப்பியா?"ன்னு கேட்ட. உன்னைய மடியில போட்டு வளத்த அத்தையை, நீ வா போன்னு. அவுக என்னையப் பாத்தாக. நான் அவுகளைப் பாத்தேன். ஒரு வார்த்தை, "நான்தான் சொன்னேன்"னு ஒரே வார்த்தை. வாய் வரல. தலையக் குனிஞ்சுக்கிட்டு ரூமுக்குள்ள போயிக் கதவைச் சாத்திக்கிட்டேன். அவுக, "ஆமாடி, நான்தான் கொட்டுனேன்"னு மட்டும் சொல்லிட்டு வாளியைக் கழுவப் போயிட்டாக. மொதச் சிப்பி செத்தப்ப உங்கம்மா எனக்காகச் செஞ்சதை, இந்தத் தடவை அக்கா செஞ்சாக. நீ ஏன் வாங்கிக் கட்டிக்கிட்ட, உண்மையச் சொல்ல வேண்டியதுதானன்னு பெறகு நான் அவுககிட்டக் கேட்டேன். "புள்ளைக்கு ஆத்தாவும் போயி, அப்பனையும் வெறுத்துட்டா எங்கடா போவா? என்னைய வெறுத்தா என்ன, நான் பரளச்சியில கெடக்கேன்"னாக. கொஞ்ச நேரம் கழிச்சு, "இருந்தாலும் நல்லா இருப்பியான்னு கேட்டுட்டாடா"ன்னு மூக்கைச் சிந்துனாக.

பெருசு இதுதான். கொட்டச் சொன்னது நான். ஸ்விட்சை அமத்துனது நான். பத்து மாசம் உன்னைய நம்ப விட்டதும் நான்.

இன்னும் ஒன்னு இருக்கு. நீ அந்தக் கோவத்துல பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச மறுநாளே பஸ்ஸு ஏறிட்ட, அதுக்கப்புறம் இந்த வீட்டு வாசப்படி ஏறல. பாக்கணும்னா நான்தான் கோயம்புத்தூர் வந்தேன். நீ போன அன்னைக்கு மத்தியானம் அத்தை என்னையக் கொல்லைக்குக் கூப்பிட்டாக. "ஏலே, இங்கிட்டு வா, இதைப் பாரு." வெறகு அடுக்குன மூலையில ஒரு பிளாஸ்டிக் வாளி, மேல தட்டு. தட்டைத் தூக்குனா, உள்ள சிப்பி. மாடிப்படிக்கு அடியில ஒரு கேனு கடல் தண்ணி மிச்சம் இருந்ததை நானே மறந்துட்டேன், அவுக மறக்கல. தொட்டியக் கொட்டுறதுக்கு முந்தி ரெண்டையும் எடுத்து அதுல போட்டிருக்காக. பகல்ல வெயிலு திங்கட்டும்னு தெறந்து வச்சிருக்காக, ஆளு வந்தா மூடியிருக்காக. யாருக்கும் தெரியாமக் கப்பை வச்சு ஆத்தியிருக்காக. துக்கம் கேக்க வந்த லாரி டிரைவரு, மத்தவுக அரிசியும் வாழைக்காயும் கொண்டாந்த மாதிரி ரெண்டு கேனு கடல் தண்ணியோட வந்தாரு. அதையும் வாங்கி ஒளிச்சு வச்சது இவுகதான். ஒரு சிப்பி மூணாம் நாளே போயிருச்சு, கொல்லையில பொதச்சிட்டாக. "இதுவும் போயிருமோன்னு பாத்தேன்டா. பத்து நாளா நான் குனிஞ்சா மூடக்கூட இல்ல, வேத்தாளு மாதிரிப் பாத்துக்கிட்டே கெடந்துச்சு. இன்னைக்குக் காலையில தட்டைத் தூக்குறேன், மூஞ்சியிலயே துப்பிருச்சுடா!" சொல்லும்போது அவுக மூஞ்சியில ஒரு சந்தோசம். அந்த வீட்டுல பதினேழு நாளுல மொத மொத பாத்த சந்தோசம் அதுதான். நான் போயித் தொட்டியக் கழுவுனேன்.

சிப்பி இப்ப முத்தத்துல இருக்கு. சாணளவு தாண்டிருச்சு. வாரம் ரெண்டு நாளு அத்தை பரளச்சியில இருந்து தூக்குவாளியில நல்ல தண்ணி கொண்டு வாராக, அவுக ஊருத் தண்ணி நம்மளதை விடத் தேவலையாம். கண்டக்டரு தண்ணிக்கும் டிக்கெட்டு கேட்டு ஒரு நாளு பெரிய சண்டை. நாக்குல வச்சு உப்புப் பாக்குறாக, ஆனா உங்கம்மா அளவுக்கு வரல. ஒரு நாளு ரசம்ங்கிறாக, ஒரு நாளு சாம்பாருங்கிறாக. சண்டையும் நிக்கல. "நீ துப்பு, நான் ஊத்துறேன், எவ மொதல்ல ஓயுறான்னு பாப்போம்"னு அதுகிட்டச் சொல்லிக்கிட்டு இருக்காக. இதை ஒனக்கு எழுதணும்னு பல தடவை தாளை எடுத்தேன். சிப்பி பொழைச்சதை எழுதினா அதை யாரு காப்பாத்துனதுன்னு எழுதணும். அதை எழுதினா எதுல இருந்து காப்பாத்துனாகன்னும் எழுதணும். அதனால எழுதாமயே விட்டேன். உன் லெட்டரைக் கண்டதும் அத்தைகிட்ட, "நான் உண்மையச் சொல்லிருறேன்"னேன். "கல்யாணம் முடியட்டும்டா, புள்ளை மனசு ஒடையும். நான் மண்டபத்துல பந்தியக் கவனிச்சுக்கிட்டு ஓரமா நின்னுக்கிறேன், வேற யாரையாச்சும் மேடையில ஏத்து"ன்னாக. மாமாவுக்குக் கோவம். "பட்டு வேட்டி எடுத்தாச்சு"ன்னு மட்டும் சொன்னாரு. நான் மறுபடியும் தலையாட்டிட்டு வந்திருப்பேன் பாப்பா, அது எனக்கு ரொம்பச் சுளுவு. இந்தத் தடவை ஆட்டல.

ஒனக்கு இதுல இருந்து புத்தி சொல்ல எனக்குத் தகுதி கெடையாது. ஆனாலும் அப்பன்ங்கிற ஒரு சலுகையில ஒன்னு சொல்லிக்கிறேன். போற வீட்டுல யாராச்சும் ஒரு ஆளு வாயாடியா, எதையும் நக்கல் பண்ணிக்கிட்டு, துப்புனா திருப்பித் திட்டிக்கிட்டு இருப்பாக. அவுகளை மொத நாளே தள்ளி வச்சிராத. நல்ல மோட்டாரு மாதிரி அலட்டாம ஓடிக்கிட்டு இருக்கவன்தான் பெறகு கதவைச் சாத்திக்கிருவான். மாப்பிள்ளைகிட்டயும் இந்தக் கதையச் சொல்லு. அவரு சிரிச்சாருன்னா நல்லது. அவரு ஏதாச்சும் கிறுக்குத்தனமா வீட்டுக்குக் கொண்டாந்தா, வெளிய தூக்கி எறியுறதுக்கு முந்தி, இது என்ன திங்கும்னு மட்டும் ஒரு தடவை கேட்டுப் பாரு.

பத்திரிகை பிரஸ்ஸுல கோத்தாச்சு. அடிக்கிறதுக்கு முந்தி சரி பாக்கக் குடுத்த தாளை இதோட வச்சிருக்கேன். தாரை வாத்துக் குடுக்குறவுக எடத்துல அத்தை பேரும் மாமா பேரும் போட்டிருக்கேன், அவுகளைக் கேக்காமயே. அதுக்கு மேல, பொண்ணோட தகப்பனாருன்னு என் பேரு இருக்கு. வாசிச்சுப் பாத்துத் திருத்தி அனுப்பு. உன் கோவம் தீரலைன்னா, யாரு பேரையாச்சும் அடிச்சே ஆகணும்னு இருந்தா, மேல இருக்க பேரை அடி. கிழியுற மாதிரி ரெண்டு கோடே போடு. கீழ இருக்க ரெண்டு பேரு மேல பேனா படாமப் பாத்துக்க.

உன் அப்பா